ஐந்தரைக்கு மேல்

சுதாவை எனக்குப் பழக்கமாக்கியது ஒரு நாற்காலி. வேலை பார்ப்பவர்களுக்காகப் பல்கலைக்கழகத்தில் சனிக்கிழமை தோறும் நடக்கும் அலுவலக நிர்வாக டிப்ளோமா வகுப்பு அது. முதல் நாளே நான் அரை மணி நேரம் தாமதம். ஏர்கான் காற்று நேராகத் தலையில் இறங்கும் இடம் ஒன்றுதான் காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்து என் மடியில் வைத்தாள். தனக்கு ஒன்று, பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவருக்கு ஒன்று என்று இரண்டு கொண்டுவந்திருந்தாளாம். இவள் பிறக்கும்போதே செயலாளராகப் பிறந்தவள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

என் பெயர் மரியம்மாள். தோ பாயோவில் ஒரு கிளினிக்கின் முன்மேசையில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் உனக்கு எதற்குப் படிப்பு என்று கேட்காதவர்கள் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இல்லை. மாத்திரை வாங்க வருபவர்கள்கூடக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். எனக்கு அது ஆசைக்குப் படிப்பது. தேறாவிட்டாலும் என் மேசை எங்கும் போய்விடாது. சுதாவின் கதை அப்படியில்லை.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. லிட்டில் இந்தியாவில், டன்லப் ஸ்திரீட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் அவள் அலுவலகம். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கயிறு, பெயிண்ட் என்று கேட்டதையெல்லாம் ஏற்றி அனுப்பும் நிறுவனம். முதலாளி சுந்தரம். இரண்டாயிரத்து ஏழில் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தவள், அந்தக் குழந்தை ரக்ஷனா பாலிடெக்னிக்கில் படிக்கும் வரைக்கும் அதே நாற்காலியில்தான் இருக்கிறாள். பள்ளியில் ஓ லெவல் பரீட்சையோடு படிப்பு நின்றுபோனவள். கடிதம், கோப்பு, கூட்டக் குறிப்பு, சுங்கப் பத்திரம் எல்லாம் வேலையில் உட்கார்ந்த பிறகு தானாகக் கற்றுக்கொண்டது. ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால் பெரிய கம்பெனிக்காரன் அனுப்பிய கடிதத்தையும் திருப்பி அனுப்பிவிடுவாள்.

சுந்தரத்துக்கு எழுபத்தொன்று ஆகிறது. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். நிறுவனத்தை ஜூரோங்கில் இருக்கும் ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றுவிடலாம் என்ற பேச்சு இரண்டு வருடத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. வாங்க வந்தவர்கள் சுதாவிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். கைமாறும் நாளில், அதாவது இந்த ஜூலையில், அவள் கையில் டிப்ளோமா இருந்தால் புதிய இயக்குநருக்கு அவளே செயலாளர். இல்லாவிட்டால் துவாஸில் இருக்கும் அவர்களுடைய கிடங்கில் வரவேற்பு மேசை, அதுவும் ஒரு வருட ஒப்பந்தத்தில். பதினெட்டு வருடம் ஒரு நிறுவனத்தின் நினைவாற்றலாக இருந்தவளிடம் போய், வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு பாஸ் எழுதிக் கொடு என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவள் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் டாக்டர் லிம். அறுபதை நெருங்குகிற சீன அம்மா. பல்கலைக்கழகத்துக்கு வருவதற்கு முன் இருபது வருடம் வங்கித் தலைவர்களுக்குச் செயலாளராக இருந்தவர். குரலை உயர்த்தாமலே நம்மை நிமிர்ந்து உட்கார வைத்துவிடுவார். முதல் வகுப்பிலேயே அவர் சொன்னது இது: முதலாளிக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, எந்த நேரத்தில் என்ன செய்வார் என்பதையெல்லாம் சேர்ந்த முதல் வாரமே வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நீங்களாக ஊகிக்காதீர்கள். அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் சுதாவுக்கு. என் கட்டுரையின் கீழே, என்னை வந்து பார்க்கவும் என்று எழுதியிருந்தது.

அவள் எப்போது படிக்கிறாள் என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். வேலை, வீடு, சமையல், மாமியாருக்கு முழங்கால் வலி. இத்தனைக்கும் நடுவில் ஒரு பாடம் பாக்கி வைக்கமாட்டாள். கேட்டால், ஆபீஸில் தினமும் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும் அக்கா, அதில் படித்துவிடுவேன் என்பாள். எந்த முதலாளி தினமும் ஒன்றரை மணி நேரம் சும்மா விடுவார் என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் டாக்டர் எனக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் தருவதில்லை.

கடைசிப் பருவத்தில் பரீட்சைக்குப் பதிலாக ஒரு வேலை கொடுத்தார்கள். உண்மையான ஓர் அலுவலகத்தில் முதலாளியின் மூன்று மாத நாட்குறிப்பைப் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டுக் கொண்டுவந்து, நேரத்தை எப்படி நிர்வகிக்கிறோம் என்று வகுப்பின் முன்னால் விளக்க வேண்டும். இதில் தேறினால் டிப்ளோமா. தேறாவிட்டால் அடுத்த வாய்ப்பு ஜனவரியில்.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை சுதாவின் முறை. நீலப் புடவையில் வந்திருந்தாள். திரையில் சுந்தரத்தின் மூன்று மாதமும் கட்டம் கட்டமாக விரிந்தது. கப்பல் வரும் நாள், கப்பல் முகவரோடு பேச்சு, கிடங்குக்குப் போகும் நேரம், பயணத்துக்கு எவ்வளவு, எதிர்பாராமல் வருவதற்கு எவ்வளவு என்று ஒன்றையும் விடவில்லை. பதினைந்து நிமிடம் நாங்கள் யாரும் கைத்தொலைபேசியைத் தொடவில்லை. அவளைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

பிறகு டாக்டர் லிம் திரையைக் காட்டிக் கேட்டார். ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் சாம்பல் நிறத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது. நாளுக்கு நாள் வெவ்வேறு நேரம். அந்த நேரத்தில் ஒரு சந்திப்பு இல்லை, ஒரு கையெழுத்து இல்லை, தொலைபேசிகூட இல்லை. கப்பல் கரையில் நிற்கும் நாளிலும் அப்படியே. இது என்ன?

நான் அப்போதுதான் அந்தச் சாம்பல் கட்டங்களைச் சரியாகப் பார்த்தேன். திங்கள் எட்டரை முதல் பத்து. செவ்வாய் நாலு முதல் ஐந்தரை. புதன் ஒன்று முதல் இரண்டரை. வியாழன் இரண்டரை முதல் நாலு. வெள்ளி பதினொன்றரை முதல் ஒன்று. நான் கோயிலுக்குப் போகிறவள் அல்ல, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் நாட்காட்டி தொங்கும் தமிழ் வீட்டில் வளர்ந்தவளுக்கு அது போதும். ராகு காலம். இங்கே சூரியன் ஏழு மணிக்கு எழுவதால் ஊர்க் கணக்கோடு ஒரு மணி நேரம் கூட்டிப் போட்டிருக்கிறாள். அவ்வளவு துல்லியம்.

சுதா நிமிராமல், அது முதலாளியின் தனிப்பட்ட நேரம் என்றாள். எதற்காக என்று டாக்டர் லிம் கேட்டார். சொல்ல இயலாது என்றாள். தினமும் நேரம் மாறுவதற்காவது ஒரு காரணம் உண்டா என்றார். உண்டு, அதையும் சொல்ல இயலாது என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. கையைத் தூக்கப் போனேன். அவள் மேடையிலிருந்தே என்னைப் பார்த்த பார்வையில் கை தானாக இறங்கிவிட்டது.

டாக்டர் லிம் கோபப்படவில்லை. ஓர் அலுவலகத்தில் தினமும் ஒன்றரை மணி நேரம் காரணமில்லாமல் வீணாவதற்கு நேர நிர்வாகப் பாடத்தில் தேர்ச்சி தர முடியாது என்று அமைதியாகச் சொன்னார். காரணம் இருந்தால் முதலாளி ஒரு கடிதம் தரட்டும், அடுத்த சனிக்கிழமை வரை நேரம் தருகிறேன் என்றார்.

கேன்டீனில் டீயை முன்னால் வைத்துக்கொண்டு அவளைப் பிடிபிடி என்று பிடித்தேன். ராகு காலம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த அம்மாவின் வீட்டிலும் நல்ல நாள் பார்க்கும் புத்தகம் ஒன்று இருக்கத்தான் செய்யும். அவருக்குப் புரியாதா?

"அக்கா, அவங்களுக்குப் புரியும். ஆனா சாரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது" என்றாள் சுதா.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். சுந்தரத்தின் அப்பா அந்தக் காலத்துச் சீர்திருத்தக்காரர். தன் கல்யாணத்தையே நாட்காட்டியைப் பார்த்து, வேண்டுமென்றே ராகு காலத்தில் வைத்துக்கொண்டவர். சுந்தரம் அதை எந்த மேடையில் ஏறினாலும் பெருமையாகச் சொல்வார். அலுவலகம் திறந்தபோது ஒரு தேங்காய் உடைக்கவில்லை. அப்படிப்பட்டவருக்குள் ஒரு பயம் இருக்கிறது என்பதை சுதா வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிட்டாள். அன்று செவ்வாய்க்கிழமை, நாலரை மணி. அவசரமாக ஓர் ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தது. சுந்தரம் பேனாவை எடுத்தார், சுவரைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஐந்தரைக்கு மேல் போடுகிறேன் என்றார். அவர் பார்த்த இடத்தில் மளிகைக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த தினசரி நாட்காட்டி தொங்கியது.

மறுநாளே அவள் நாட்குறிப்பில் சிவப்பு பென்சிலால் கோடு போட்டாள். நாட்குறிப்பு கணினிக்குப் போனதும் கோடு சாம்பல் கட்டமாக மாறியது. அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. யார் கூப்பிட்டாலும் சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்பாள். அவர் அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் இருப்பார். பதினெட்டு வருடம் இப்படியே போயிற்று.

"செக்ரட்டரின்னாலே ரகசியத்தைக் காப்பாத்தறவதான்னு இதே கிளாஸ்ல எட்டு வாரம் படிச்சோம். மார்க்குக்காக அவர் மானத்தை ஸ்கிரீன்ல போட்டுக் காட்டச் சொல்றீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. ஊருக்கெல்லாம் பகுத்தறிவு பேசிவிட்டு, அந்தப் பொய்யை ஒரு பெண்ணின் தலையில் பதினெட்டு வருடம் சுமத்திய அந்தப் பெரிய மனிதர் மேல். பார்த்தே இராத ஒருவரை அன்று சாயந்தரம் வரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

இனி நான் எழுதுவது சுதா எனக்குச் சொன்னது.

சுந்தரத்தின் கடிதங்களை எழுதுவது எப்போதும் அவள்தான். அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். இந்தக் கடிதத்தையும் அவளே எழுத வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மூன்று விதமாக எழுதிப் பார்த்தாள். மருத்துவ ஓய்வு என்று ஒன்று. அது பொய். தொழில் ஆலோசனை நேரம் என்று ஒன்று. அது பெரிய பொய். கடைசியில், என் சொந்தக் காரணங்களுக்காக நான் கேட்டுக்கொண்டபடி இந்த நேரம் ஒதுக்கப்பட்டது என்று இரண்டே வரியில் முடித்தாள். திங்கட்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு போக எழுந்தவள், மணி ஒன்பது என்று பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். பத்து அடித்த பிறகுதான் அறைக் கதவைத் தட்டினாள்.

டிப்ளோமாவுக்கு இது வேண்டியிருக்கிறது, காரணம் எதையும் விவரமாக எழுதவில்லை, அவர் பெயருக்கு ஒன்றும் வராது என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். சுந்தரம் கடிதத்தை ஒரு முறை படித்தார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு இன்னொரு முறை படித்தார்.

"என்னம்மா இது? என் சொந்தக் காரணம்னு எழுதியிருக்க?"

"வேற எப்படி சார் எழுதறது? ராகு காலம்னு எழுத முடியுமா?"

"அதான் கேக்கறேன். உன் காரணத்தை ஏன் என் காரணம்னு எழுதற? உன் காரணம்னே எழுது. அதுல என்ன வெட்கம்?"

சுதாவுக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். அவள் சேர்ந்த மூன்றாவது நாள் நாட்குறிப்பில் சிவப்புக் கோட்டைப் பார்த்தாராம். அடுத்த நாள் கோடு வேறு நேரத்துக்கு நகர்ந்திருந்தது. அப்பா திட்டித் திட்டியே மனப்பாடமாகிப்போன நேரங்கள் அவை, பார்த்ததும் விளங்கிவிட்டது. புதிதாக வந்த பெண், கைக்குழந்தைக்காரி, ஏதோ ஒரு நம்பிக்கை, அதைக் கேள்வி கேட்டுப் புண்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டார். தன்னால் அவள் அந்த நேரத்தில் எதையும் தொட வேண்டி வரக்கூடாது என்பதற்காக அறைக் கதவையும் சாத்திக்கொண்டார். அப்பா இருந்திருந்தால் தன்னை வீட்டைவிட்டே துரத்தியிருப்பார் என்றார்.

"நான் எப்ப சார் பார்த்தேன்? நீங்கதான் ரெண்டாவது நாளே கையெழுத்து போடலை. செவ்வாக்கிழமை. சுவத்துல கேலண்டரைப் பார்த்துட்டு, அஞ்சரைக்கு மேல போடறேன்னீங்க."

சுந்தரத்துக்கு நினைவே இல்லை. எந்த ஒப்பந்தம் என்று கேட்டார். நார்வே கப்பல் என்றாள். கொண்டுவந்தது யார் என்று கேட்டார். அதையும் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து சுவரைப் பார்த்தார். அங்கே நாட்காட்டி தொங்கியது. அதற்கு மேலே கடிகாரம் இருந்தது.

"அன்னிக்குக் காலையில என் கண்ணாடி உடைஞ்சிடுச்சு" என்றார். "சிராங்கூன் ரோடு கடையில ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன். அஞ்சு மணிக்கு மேல வாங்கன்னான். ஒரு எழுத்து தெரியலை. நேத்து வேலைக்கு வந்த பொண்ணுகிட்ட எனக்குக் கண்ணு தெரியலைன்னு எப்படிச் சொல்றது? அதான் மணியைப் பார்த்தேன்."

இந்த இடத்தில் நானாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். சுதா சிரிக்கவில்லை. அவளுக்கு முதலில் நினைவு வந்தது பினாங்கு ரஃபீக். பெரிய வாடிக்கையாளர். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, விமானத்துக்குப் போகும் வழியில் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும் என்றார். சார் நாலு மணிக்கு மேல்தான் என்று இவள் சொன்னாள். அவர் பார்க்காமலே போனார், வேறு கம்பெனிக்கும் போய்விட்டார். அன்று இரவு வீட்டில், தன் நம்பிக்கைக்காக இவ்வளவு பெரிய இழப்பையும் ஒரு வார்த்தை பேசாமல் தாங்குகிறாரே என்று முதலாளியைப் பற்றிக் கணவனிடம் வியந்து பேசியிருக்கிறாள்.

"அப்ப ரஃபீக்?" என்றாள்.

"உனக்காகத்தான் விட்டேன். போனா போறான்னு விட்டேன்."

சுதா அழுதுவிட்டாள். பதினெட்டு வருடத்தில் அந்த அறைக்குள் அழுதது அதுதான் முதல் தடவையாம். ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். கேட்காமல் புரிந்துகொள்வதுதான் தன் கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அந்த வெட்கமும், தனக்காக ஒருவர் இவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறார் என்ற நெகிழ்ச்சியும் ஒன்றாகவே வந்தன.

சுந்தரம் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தார். தினமும் ஒன்றரை மணி நேரம் யாரும் தன்னைக் கூப்பிடவில்லை என்றும், முதல் ஒரு வருடம் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்ததாகவும், பிறகு தூங்கக் கற்றுக்கொண்டதாகவும் சொன்னார். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு மாதமும் அவளோடு போனில் பேசியது அந்த நேரத்தில்தானாம். வீடியோ காலில் அவளுக்கு நாளிதழ் படித்துக்காட்டுவாராம். நிம்மதியாக எழுபதைத் தாண்டியிருக்கிறேன் என்றால் அந்த ஒன்றரை மணி நேரமும் ஒரு காரணம் என்றார். பிறகு, அவள் எழுதிக் கொண்டுவந்த கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இதை நானே எழுதுகிறேன், நீ வெளியே இரு என்று சொல்லிவிட்டார்.

பதினெட்டு வருடத்தில் அவள் கை படாமல் அந்த அலுவலகத்திலிருந்து போன முதல் கடிதம் அது. கையால் எழுதியது. ஒரு பக்க ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துப் பிழை. காற்புள்ளிக்குக் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறவள், அந்த இரண்டையும் தொடாமல் கொண்டுவந்து சனிக்கிழமை டாக்டர் லிம்மிடம் கொடுத்தாள். எனக்கும் காட்டினாள். நடந்ததையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார், உடைந்த கண்ணாடி உட்பட. கடைசிப் பத்தி இப்படிப் போயிற்று: "இந்த நேரத்தை என் செயலாளருக்காக நான் ஒதுக்கினேன். எனக்காக அவர் ஒதுக்கினார் என்று இந்தத் திங்கட்கிழமைதான் தெரிந்தது. இது நேர நிர்வாகத்தில் தவறு என்றால், தவறு இருவருடையது. குறைக்கும் மதிப்பெண்ணில் பாதியை மட்டும் அவரிடம் குறைத்துக்கொள்ளவும்."

டாக்டர் லிம் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். பதினெட்டு வருடம் இருவரில் ஒருவர்கூடக் கேட்கவில்லையா என்றார். இல்லை என்றாள் சுதா. முதல் வாரம் நான் என்ன சொன்னேன் என்றார். முதல் வாரமே கேட்க வேண்டும், ஊகிக்கக் கூடாது என்று பள்ளிப் பிள்ளைபோல ஒப்பித்தாள். அதில் உனக்கு எத்தனை மதிப்பெண் கொடுத்தேன் என்று கேட்டார். வகுப்பிலேயே அதிகம் என்று முணுமுணுத்தாள் சுதா. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருடத்தில் அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

நேர நிர்வாகத்தில் நன்றாகவே வெட்டினார். இரகசியம் காத்தலில் முழு மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் பி, தேறிவிட்டாள். எனக்கு பி பிளஸ். அதை இங்கே சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஜூலையில் புதிய கம்பெனியின் செயலாளர் எல்லோருக்கும் அழைப்பு அனுப்பினார். விற்பனை ஒப்பந்தம் டன்லப் ஸ்திரீட் அலுவலகத்திலேயே கையெழுத்தாகும், செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி. வழக்கறிஞருக்கு வேறு நேரம் இல்லை. சுதா அதை நாட்குறிப்பில் ஏற்றப் போனாள். சாம்பல் கட்டம் இடம் விடவில்லை. உண்மை தெரிந்து இரண்டு மாதம் ஆகியும் இருவரில் யாரும் அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஊகிக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து போய், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டாள்.

"சார், செவ்வாய் நாலு மணி. உங்களுக்குப் பரவாயில்லையா?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தார்.

"கண்ணாடி இருக்கு. போடலாம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்தது. சுந்தரம் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டு, சுதா காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். புதியவர்கள் கைகொடுத்தார்கள், அவளிடம் ஒன்றாம் தேதி பார்க்கலாம் என்றார்கள், படியிறங்கிப் போனார்கள். மணி நாலரைகூட ஆகவில்லை. சுந்தரம் வழக்கம்போல் அறைக்குள் போனார், ஆனால் கதவைச் சாத்தவில்லை. சுதா இரண்டு கோப்பை டீ போட்டு எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தாள். வெளியே அவள் மேசையில் போன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை, அவரும் போய் எடு என்று சொல்லவில்லை. ஐந்தரைக்கு மேல் கூப்பிடுவார்கள் என்று இருவரும் டீயைக் குடித்தார்கள்.